பக்கத்தில் நின்றவரின் நிழல்

ரொறன்ரோவில் இருந்து தங்கைக்கு வந்த சம்பந்தம் ஒரு கேள்வியோடுதான் தொடங்கியது. நாங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் தாய் அம்மாவுக்குப் போன் எடுத்து, இதில் எது உங்கள் மகள் என்று கேட்டார். மூன்றிலும் அவள்தான் நிற்கிறாள் என்று அம்மா சொன்னார். அதற்கு மாப்பிள்ளையின் தாய், ஒன்றில் வெள்ளையாக இருக்கிறாள், ஒன்றில் பொதுநிறம், மற்றதில் நல்ல கறுப்பு, ஒரே பிள்ளை மூன்று நிறத்தில் இருப்பாளா என்று கேட்டாராம். குரலில் கோபமே இல்லை, கடையில் துணியின் சாயம் போகுமா என்று விசாரிப்பது போலக் கேட்டார் என்று அம்மா பிறகு சொன்னார். அதுதான் அம்மாவை அதிகம் சுட்டது.

அந்த மூன்றையும் எடுத்தவள் நான். கிழமை நாட்களில் எனக்குக் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை. சனி, ஞாயிறுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள மண்டபங்களில் கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று படம் எடுக்கப் போவேன். தங்கையின் படங்கள் சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணத்தில் எடுத்தவை. வேலைக்கு நடுவே அவளைப் பிடித்து நிறுத்தி, ஓடி ஓடி எடுத்திருந்தேன்.

மண்டபங்களில் நான் கமராவை மெனுவலில் வைத்துக்கொள்வேன். வெளிச்சம் உள்ளே வரும் துவாரத்தின் அளவும், அதைத் திறந்து மூடும் ஷட்டரின் வேகமும் என் கையில் இருக்கும். பிளாஷை மட்டும் தன்னியக்கத்தில் விட்டுவிடுவேன். மேடையில் ஐயர் ஒரு பக்கம், வீடியோக்காரர் மறுபக்கம், சனம் இடையில் புகுந்து போகும்போது ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று பார்த்துப் பிளாஷின் அளவை ஒவ்வொரு முறையும் மாற்ற முடியாது. தன்னியக்கத்தில் விட்டால் பிளாஷ் தானே கணக்குப் பார்க்கும். எதிரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் போதும் என்று கண்டதும் தன்னை நிறுத்திக்கொள்ளும். நல்ல வசதி. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. எதிரில் இருப்பது கறுப்புத் துணியா வெள்ளைச் சுவரா என்று அதற்குத் தெரியாது. கடும் நிறத்தில் சேலை உடுத்தியவர் நின்றால் வெளிச்சம் காணாது என்று எண்ணி இன்னும் கொட்டும், முகம் வெளுத்துவிடும். வெள்ளைப் பூ அலங்காரத்துக்கு முன்னால் நின்றால் போதும் போதும் என்று சீக்கிரமே நிறுத்திவிடும், முகம் கறுத்துவிடும். இது எனக்குத் தெரியும். சாதாரணமாக அதற்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துத்தான் எடுப்பேன். அன்று அவசரம்.

அம்மாவிடம் இதை விளக்கினேன். அம்மா அதை ரொறன்ரோவுக்கு விளக்கினார். அவர் விளக்கிய விதத்தில் அந்தப் பக்கம் சந்தேகம் இன்னும் கூடியிருக்க வேண்டும். அடுத்த கிழமை ஒரு கோரிக்கை வந்தது. புதிதாகப் படம் எடுக்க வேண்டும், கணினியில் போட்டு எதுவும் செய்யக்கூடாது, எடுக்கும்போது தங்கள் பக்கத்து ஆள் ஒருவர் கூட இருப்பார். மாப்பிள்ளையின் தாய்க்கு ஒன்றுவிட்ட தமக்கை ஒருவர் கொட்டாஞ்சேனையில் இருந்தார். பாடசாலையொன்றில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வருவார் என்றார்கள்.

எனக்குக் கடும் கோபம். வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அப்பா இறந்த பிறகு அம்மா எந்தச் சம்பந்தத்தையும் தானாக விலக்கியது கிடையாது; யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. தங்கைதான், வரட்டும், வந்து பார்க்கட்டும் என்றாள். அவள் ஒரு தனியார் வைத்தியசாலையின் மருந்தகத்தில் வேலை செய்தாள். நாள் முழுக்க மற்றவர்களின் அவசரத்துக்கு நடுவே நின்று பழகியவள். எதற்கும் குரல் உயராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அன்ரி வந்தார். மெலிந்த உடல், இறுக்கிக் கட்டிய கொண்டை, கையில் குடை. எங்கள் தொடர்மாடியின் லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. தேத்தண்ணீரை வாங்கி வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அலமாரிக்கு மேலிருந்த முகப்பூச்சு டப்பாவைக்கூட எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். பையன் ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவர்கள் கிடையாது, பொறுப்பான பிள்ளை என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு கதிரையை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, கமராவின் சிறிய திரை தனக்குத் தெரியும்படி உட்கார்ந்துகொண்டார்.

தங்கை அறைக்குள் இருந்து வெளியே வந்தபோது வெள்ளைப் பருத்திச் சேலை உடுத்தியிருந்தாள். அலமாரி நிறையச் சேலை இருக்க, வெள்ளைச் சேலை படத்தை என்ன செய்யும் என்று நான் அவளுக்குச் சொல்லியும் இருக்க, அவள் அதையே எடுத்திருந்தாள். இந்தச் சம்பந்தம் குழம்ப வேண்டும் என்று நினைக்கிறாளோ என்று அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு சந்தேகம் விழுந்தது. பிறகு கேட்டபோது, வெக்கையாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். இன்றுவரை அதற்குமேல் ஒன்றும் சொன்னதில்லை.

சுவரை விட்டு நன்றாகத் தள்ளி அவளை நிறுத்தி எடுக்கத் தொடங்கினேன். பழக்கத்தில் பிளாஷ் தன்னியக்கத்திலேயே இருந்தது. முதல் படத்தில் சுவர் இருட்டாக வந்ததால் ஷட்டரை மெதுவாக்கி மறுபடி எடுத்தேன். சுவர் வெளிச்சமானது, ஜன்னலுக்கு வெளியே கடலும் தெரிந்தது. தங்கையின் முகம் முதல் படத்தில் இருந்தது போலவே கறுத்து இருந்தது. பின்னாலிருந்து அன்ரியின் குரல் வந்தது.

“நீர் இதைத் திருப்பினால் பிள்ளை மாறேல்லை, பின்னால இருக்கிற சுவர் மட்டும் மாறுது. அது எப்பிடி?”

“சுவர் தள்ளி இருக்கு, அதில விழுறது ஜன்னல் வெளிச்சம் அன்ரி. ஷட்டரை மெதுவாக்கினால் அது கூட உள்ள வரும். தங்கச்சியில விழுறது பிளாஷ். அது கண் வெட்டுற நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஷட்டர் மெதுவோ கெதியோ எண்டு அதுக்குக் கணக்கில்லை.”

“அப்ப பிள்ளையின்ர நிறத்தை ஆர் தீர்மானிக்கிறது?”

பிளாஷ்தான் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று விளங்கியது. அன்ரி எழுந்து, பிளாஷைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பரீட்சை மண்டபத்தில் மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பது போல அதற்கு அடியிலும் பார்த்தார். வேறு எதையாவது திருகி எடுக்கச் சொன்னார். துவாரத்தைச் சிறிதாக்கி எடுத்தேன். அப்போதும் முகம் மாறவில்லை, ஏனென்றால் துவாரம் சிறிதானால் பிளாஷ் கூடக் கொட்டி ஈடு செய்துவிடும். சுவர்தான் மறுபடி இருண்டது. எதைத் திருகினாலும் மாறாத முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருடைய புருவம் நெரிந்தது. அம்மா அடுப்பை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று எனக்குக் கண்ணால் சாடை காட்டிக்கொண்டிருந்தார், கதையை நிறுத்து என்று.

அன்ரி செய்த அடுத்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தங்கையை விலகி இருக்கச் சொல்லிவிட்டுத் தானே போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். “என்ர நிறம் எனக்குத் தெரியும். இவ்வளவு காலமாக் கண்ணாடியில பாக்கிறன். என்னை எடும்” என்றார். எடுத்தேன். அம்மாவிடம் வெள்ளைத் துவாய் ஒன்று வாங்கித் தோளிலிருந்து இடுப்பு வரை போர்த்திக்கொண்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார். பிறகு தன் கறுப்புக் குடையை விரித்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு இன்னொன்று. மூன்றையும் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். துவாயோடு அவர் கறுத்திருந்தார். குடையோடு வெளுத்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இந்தச் சாமான்தான் பொய் சொல்லுது” என்றார். “பிள்ளை பொய் சொல்லேல்லை.”

அதற்குப் பிறகு நான் பிளாஷையும் மெனுவலுக்கு மாற்றினேன். ஆள் ஒரே இடத்தில் நிற்கும்போது அதுதான் சரி. என்ன துணி உடுத்தினாலும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வெளிச்சம்தான் வரும். அன்ரியை வைத்தே அளவு பார்த்து, அவர் இது நான்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகு தங்கையை எடுத்தேன். படத்தில் அவள் உள்ளபடி வந்தாள், எங்களைப் போலவே நல்ல மாநிறத்தில். அன்ரி ஒரு படத்தைத் தெரிவு செய்து தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, எங்கள் கண் முன்னாலேயே ரொறன்ரோவுக்கு அனுப்பினார். தான் பார்த்து நின்று எடுத்தது என்று குரல் பதிவும் சேர்த்து விட்டார்.

புறப்படும்போது கைப்பையிலிருந்து கடித உறை ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். மாப்பிள்ளையின் படம். அங்கிருந்து வந்த யாரிடமோ பெரிதாக அச்சடித்துக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதுவரை போனில் வந்த சிறிய படம் ஒன்றைத்தான் நாங்கள் பார்த்திருந்தோம்.

அவர் போன பிறகு அம்மா படத்தைச் சாமித் தட்டில் வைத்துவிட்டுச் சமைக்கப் போனார். நான் அதை எடுத்து ஜன்னலடிக்குக் கொண்டுபோனேன். அந்தக் காலை முழுக்க எங்களைச் சந்தேகப்பட்டவர்கள் என்ற கோபம் எனக்குள் இருந்தது. அவர்களுடைய படத்தில் ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பார்த்தேன்.

செங்கல் வீடொன்றின் முன்னால், புல்தரையில், சந்தன நிற நீளக் குர்த்தா போட்டு அவர் நின்றார். லட்சணமான முகம். வீட்டின் கூரையில் வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. மரங்களின் நிழல் புல்லில் நீண்டு கிடந்தது. அவருடைய நிழலை மட்டும் காணவில்லை. அவர் முகத்தில் வெயிலே இல்லை. நேருக்கு நேர் அடித்த பிளாஷ் வெளிச்சம்தான் இருந்தது. கண்மணியில் அதன் சின்னச் சதுரமும் தெரிந்தது. வேறெங்கோ எடுத்த ஆளை வெட்டி வீட்டின் முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். இது பெரிய விஷயம் இல்லை. வடிவான வீட்டைக் காட்ட ஆசைப்பட்டுச் சனம் செய்கிற வேலைதான், எங்களிடமும் கேட்பார்கள்.

பிறகு அவருடைய வலத் தோளைக் கண்டேன். தோளிலும் மேற்கையிலும் ஒரு நிழல் இருந்தது. விளிம்பு மெல்லியதாக, ஒரு தலையைப் போல வட்டமாக, காது வரும் இடத்தில் ஒரு சிறிய புடைப்போடு. கமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் மேலே இருக்கும் பிளாஷ் ஒரு பக்கமாகப் போய்விடும். இரண்டு பேர் ஒட்டி நின்றால், முன்னால் நிற்பவரின் நிழல் மற்றவர் மேல் விழும். கல்யாண மேடையில் எனக்கு ஓயாத தொல்லை அது, எத்தனையோ மாப்பிள்ளைமாரின் தோளில் மணப்பெண்ணின் தலை நிழலைப் பார்த்திருக்கிறேன். நிழல் விழுந்த அதே பக்கம், குர்த்தாவின் ஓரத்திலும் தாடையின் கீழும் மெல்லிய சிவப்பு படிந்திருந்தது. பிளாஷ் வெளிச்சம் பக்கத்திலிருக்கும் சிவப்புப் பட்டில் பட்டுத் தெறித்தால் அப்படித்தான் ஏறும்.

தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கன நேரம் பார்த்தாள். பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருக்கிறார் என்கிறாயா என்று கேட்டாள். சிவப்புச் சேலை உடுத்திய ஒரு பெண் நின்றிருக்கிறாள், வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றேன். தமக்கையோ தங்கையோ கல்யாணம் முடித்தபோது எடுத்ததாக இருக்கலாமே என்றாள். ஒரே பிள்ளை என்று அன்ரி சொன்னதை நினைவுபடுத்தினேன்.

அம்மா கரண்டியோடு வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

“நிழலைப் பாத்தோ கலியாணத்தைக் குழப்பப் போறாய்?” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மச்சாளின் கல்யாணமாக இருக்கலாம். சிநேகிதனின் கல்யாணமாகவும் இருக்கலாம். ஆனால் அப்படியென்றால் ஏன் வெட்ட வேண்டும்? அந்தக் கிழமை முழுவதும் அலுவலகத்தில் கோப்புகளை வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன். அன்ரி மீதும் சந்தேகம் திரும்பியது. பிளாஷுக்கு அடியில் குனிந்து பார்த்த மனுசிக்கு, தன் கைப்பையில் கொண்டு வந்த படத்தில் உள்ள நிழல் தெரியாமலா இருந்தது? துவாயும் குடையும் பிடித்து எங்களைப் பரிசோதித்ததெல்லாம் எங்கள் கவனத்தைத் திருப்பச் செய்த வேலையோ? அம்மா அந்த நாட்களில் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தங்கை வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தாள். அன்ரியிடம் கேட்டுப் பார்க்கலாம்தானே என்று ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பிறந்தநாள் வேலை இருந்தது. காலையிலேயே புறப்பட்டு முதலில் அன்ரி வீட்டுக்குப் போனேன். கோயில் ஒழுங்கை என்ற ஒடுங்கிய தெருவுக்குள், ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில் தனியாக இருந்தார். கீழே நின்ற கடைக்காரரிடம் சிங்களத்தில் வழி கேட்டேன். டீச்சரா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் படியைக் காட்டினார். அன்ரி கதவைத் திறந்து என் தோளில் தொங்கிய கமராப் பையைப் பார்த்தார். இன்னும் என்ன எடுக்கப் போகிறீர் என்று கேட்டார்.

வழியெல்லாம் பல விதமாகக் கதையைத் தொடங்கிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோனது. படத்தை மேசையில் வைத்து, தோளில் விரலை வைத்துக் காட்டினேன். அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்து வைத்திருந்தால் எங்கேயாவது ஒரு சிறிய அசைவு தெரியும் என்று நினைத்தேன்.

அவர் பத்திரிகை வாசிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். தோளைப் பார்த்தார். தாடையைப் பார்த்தார். புல்லில் நிழல் இல்லாததை நான் சொல்லாமலே கண்டுபிடித்தார். கண்ணாடியை வைத்துவிட்டு, இது எந்தப் பக்க வெளிச்சம், நின்றவர் எவ்வளவு கிட்ட நின்றிருப்பார், ஆம்பிளையாக இருக்க முடியாதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நிழலின் காதடியில் இருந்த புடைப்பைக் காட்டி, ஜிமிக்கியாக இருக்கலாம் என்றேன். அவர் கதிரையில் சாய்ந்தார். அந்தப் பையனைச் சிறு பிள்ளையாக இருந்தபோது கண்டதுதான், பிறகு அவனுடைய தாயான தன் தங்கை சொல்வதுதான் தனக்குத் தெரிந்தது என்றார். அப்போதுதான் அவர் நடிக்கவில்லை என்று எனக்கு உறைத்தது.

“உங்களைப் பாத்திட்டு வாங்கோ அக்கா எண்டு என்னை அனுப்பினவ” என்றார். “தன்ர வீட்டு விஷயத்தை எனக்கே சொல்லேல்லை.”

நான் அங்கே இருக்கும்போதே ரொறன்ரோவுக்குப் போன் எடுத்தார். அங்கே முந்தின நாள் இரவாகத்தான் இருக்கும். நலம் விசாரித்தார். காலநிலை கேட்டார். பிறகு, அந்தப் பெரிய படத்தில் தம்பிக்குப் பக்கத்தில் நின்றது யார் என்று சாதாரணமாகக் கேட்டார். மறுமொழியை என்னால் கேட்க முடியவில்லை. அன்ரியின் முகத்தில் மட்டும் பார்த்தேன். முதலில் அவர், ஒருவருமில்லையா, அப்படியா என்றார். கொஞ்சம் பொறுத்து, ஓ, சிநேகிதனின் கல்யாணமா என்றார். பிறகு, மச்சாளா, எந்த மச்சாள் என்றார். அதற்குப் பிறகு அவர் ஒன்றுமே கேட்கவில்லை, போனைக் காதில் வைத்தபடி நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் போனை மேசையில் வைத்து, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். ஒரு கேள்விக்கு மூன்று மறுமொழி வந்தால் ஒரு மறுமொழியும் வரவில்லை என்றுதான் அர்த்தம், நாலாவதுதான் உண்மை என்றார். பையனுக்கு முன்பே கல்யாணம் நடந்திருக்கிறது. ஒரு வருடத்துக்குள் பிரிந்து, விவாகரத்தும் முடிந்துவிட்டது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. கல்யாண எழுத்துப் பதிவெல்லாம் முடிந்த பிறகு மெல்லச் சொல்லலாம் என்று இருந்தார்களாம்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் நினைத்தது சரி என்ற ஒரு சூடு மட்டும் நெஞ்சில் இருந்தது. அன்ரி எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். உங்கள் அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன், நீர் சொன்னால் அவ உம்மைத்தான் கோபிப்பா என்றார். அடுத்த நாளே வந்து சொன்னார். அம்மா அழுதார். விவாகரத்துக்காக அழவில்லை, தன்னிடம் அந்த மனுசி எவ்வளவு நிதானமாக நிறம் விசாரித்தார் என்பதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

கதை அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அடுத்த கிழமை ஒரு காலையில், தங்கை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையே அவளுக்குப் போன் எடுத்தார். அதுவரை அவர்கள் இருவரும் ஓரிரு தடவை, தாய்மார் முன்னிலையில், கதைத்ததோடு சரி. தங்கை தலையை வாரியபடி போனை ஒலிபெருக்கியில் போட்டாள், நான் பக்கத்தில் இருப்பதை அவருக்குச் சொல்லிவிட்டு. அவர் எதையும் மறைக்கவில்லை. கல்யாணம் நடந்தது, ஒத்துவரவில்லை, அந்தப் பெண் மேல் பிழை சொல்ல மாட்டேன், உங்களிடம் முதலே சொல்லியிருக்க வேண்டும் என்றார். அமைதியான குரல். எனக்கு அந்த அமைதியும் சந்தேகமாகவே இருந்தது.

தங்கை சீப்பைக் கீழே வைத்தாள்.

“உங்களுக்கு முதல் கலியாணம் நடந்தது எனக்குப் பிரச்சினை இல்லை” என்றாள். “என்ர நிறத்தை அளந்து பாக்க ஆள் அனுப்பினீங்கள். உங்கட படத்தில இருந்து ஒரு ஆளையே வெட்டி எடுத்திட்டீங்கள். அதைத்தான் யோசிக்கிறன்.”

அவர் மன்னிப்புக் கேட்டார். இன்னும் சில நாள் கதைக்கலாமா, பிறகு வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று தங்கை வைத்துவிட்டாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இடத்திலேயே முடித்திருக்க வேண்டும் என்றேன். அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவர்கள் கதைத்தார்கள். காலையில் அவள் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது அவள் குரலை உயர்த்துவாள். ஒன்றிரண்டு சொல் மட்டும் கேட்கும். ஒரு நாள் சிரித்தாள். அம்மாவின் முகத்தில் மெல்ல நம்பிக்கை திரும்பியது. இரண்டாம் தாரம் என்றால் என்ன, இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கேட்கும்படி சொல்லத் தொடங்கினார். நான் வீட்டுக்குள் துப்பறிகிறவளைப் போலத் திரிந்தேன். அவள் குளிக்கும்போது மேசையில் கிடந்த அவளுடைய போனைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன், தொடவில்லை.

பிறகு ஒரு நாள் பின்னேரம், வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றாள். நான் காரணம் கேட்டேன்.

“நல்ல மனிசன்தான்” என்றாள். “தாய் சொன்னால் எதையும் விட்டிடுவார். இண்டைக்கு எனக்காகத் தாயோட சண்டை பிடிக்கிறார். எவ்வளவு நாளைக்குப் பிடிப்பார்?”

அம்மா சில நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை. கொட்டாஞ்சேனை அன்ரிதான் இடைக்கிடை போன் எடுத்து அவரோடு கதைப்பார். ரொறன்ரோத் தங்கையோடு அவருக்குக் கதை அறுந்துபோயிற்று. எங்கள் வீட்டோடு அது தொடங்கிவிட்டது. இப்போதெல்லாம் தைப்பொங்கலுக்கு வருகிறார். வந்தால் அம்மாவும் அவரும் பல்கனியில் இருந்து ஊர்க்கதை முழுவதும் கதைத்து முடித்துத்தான் எழும்புவார்கள்.

எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் படத்தை வெட்டியது யார்? தாய் யாரிடமாவது கொடுத்துச் செய்வித்தாரா, அல்லது மாப்பிள்ளையே, தன் கையால், பக்கத்தில் நின்ற மனைவியை வெட்டி எடுத்தாரா? இரண்டுக்கும் நடுவில் எவ்வளவோ தூரம் இருப்பதாக எனக்குப் பட்டது. எல்லாம் ஓய்ந்து பல மாதங்களுக்குப் பிறகு, தங்கையும் நானும் காலி வீதியில் மரக்கறி வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது அதைக் கேட்டேன். அவ்வளவு நாள் கதைத்தாயே, அவருக்குத் தெரியுமா தெரியாதா, என்ன சொன்னார் என்று.

அதைத் தான் கேட்கவே இல்லை என்றாள்.

நான் நடுவழியில் நின்றுவிட்டேன். நானாக இருந்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும். எப்படிக் கேட்காமல் இருந்தாய் என்றேன்.

“கேட்டால் ஏதோ ஒண்டு சொல்லுவார்” என்றாள். “பிறகு அது உண்மையோ பொய்யோ எண்டு நான் இருந்து யோசிச்சுக்கொண்டிருக்கோணும். எனக்கு அது வேண்டாம் அக்கா.”

பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அவள் முன்னே நடந்தாள். அன்று இரவு முறை வேலைக்குப் போவதற்குள் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும் என்றாள்.